ஊரிலிருந்து ஆள் வந்தால் மாலையில் எங்கே போவது?

"சனிக்கிழமை வண்டி ஏறுகிறேன். நாலு நாள் தங்குவேன். மும்பையை நன்றாகச் சுற்றிக் காட்ட வேண்டும்."

ஊரிலிருந்து இப்படி ஒரு சேதி வந்தால் முதலில் மனம் குளிரும். அடுத்த நிமிடமே வயிற்றைக் கலக்கும்!

லீவு கேட்டால் மேலதிகாரி முகத்தைச் சுளிப்பார். பகல் முழுவதும் வேலை. விருந்தாளிக்கு நாம் கொடுக்க முடிந்தது மாலை 6 மணிக்கு மேல் உள்ள பொழுது ஒன்றுதான். வந்தவரோ சினிமாவில் கண்ட மும்பையை மனதில் சுமந்துகொண்டு வந்திருப்பார். விளக்கு வெளிச்சம், ஆட்டம் பாட்டம், நடிகர்களின் பங்களா! நம் சட்டைப் பையிலோ மாதக் கடைசி.

தாராவி, சயான், செம்பூர் தொடங்கி கல்யாண் வரை வசிக்கும் நம்மவர்களில் இந்தச் சங்கடத்தை அனுபவிக்காதவர்கள் குறைவு. நானும் அனுபவித்தவன்தான். 1987-ல் என் தாய்மாமன் வந்தபோது நான் செய்த முட்டாள்தனத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், இந்த நகரத்தின் மாலைப் பொழுதை அதிகச் செலவில்லாமல் எப்படிக் காட்டலாம் என்று பார்ப்போம்.

வந்து இறங்கிய இடமே அதிசயம்

நாகர்கோவில் வண்டியில் வருகிறவர் இறங்குவது சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸில். நம் பழைய ஆட்களுக்கு அது இன்றைக்கும் "வி.டி."தான். மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தில் இடிபட்டு, டாக்சிக்கு ஓடும் அவசரத்தில் யாரும் அந்தக் கட்டிடத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை.

ஆகவே மறுநாள் மாலை விருந்தாளியை அதே இடத்துக்கு மறுபடி அழைத்துப் போங்கள். எதிரே உள்ள மாநகராட்சிக் கட்டிடத்தின் பக்கம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். 1878-ல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் கட்டிய கட்டிடம் அது. 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இருட்டியதும் கோபுரத்தின் மீது வண்ண விளக்குகள் விழும். கல்லில் செதுக்கிய மயிலும் குரங்கும் தெரியும். "இதிலிருந்தா நேற்று நாம் வெளியே வந்தோம்?" என்று அவர் கேட்பார். செலவு, ரயில் டிக்கெட் மட்டும்.

அங்கிருந்து பஸ்சில் கேட்வே ஆப் இந்தியா போய்விடலாம். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்ததன் நினைவாக எழுப்பிய வளைவு, 1924-ல் திறக்கப்பட்டது. மன்னர் வருகையின் நினைவாகக் கட்டிய அந்த வாசல் வழியாகத்தான் 1948 பிப்ரவரி 28-ந்தேதி கடைசி பிரிட்டிஷ் படைப் பிரிவு கப்பல் ஏறி வெளியேறியது. ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். மிகவும் ரசிப்பார்கள்.

எலிபெண்டா குகைக்கு இங்கிருந்துதான் படகு. ஆனால் அது பகலில் போய் வர வேண்டிய இடம், திங்கட்கிழமை விடுமுறை. மாலையில் போகிறவர்கள் கடலில் ஒரு சுற்றுச் சுற்றிவரும் படகில் ஏறலாம். ஏறினால் மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் 18-ந்தேதி இங்கிருந்து எலிபெண்டா புறப்பட்ட பயணிகள் படகு மீது கடற்படையின் வேகப்படகு மோதிப் பலர் உயிரிழந்ததை மறந்துவிடக் கூடாது. "ஐந்து நிமிட ஆசைக்குச் சட்டை எதற்கு?" என்று விருந்தாளி சிரித்தாலும் விடாதீர்கள்.

காசு கேட்காத கடற்கரை

மும்பை மாலையின் மகாராணி மெரைன் டிரைவ்தான். நரிமன் பாயிண்டிலிருந்து சௌபாத்தி வரை கடலை அணைத்தபடி வளைந்து கிடக்கிறது, ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர். விளக்கு எரிந்ததும் உயரத்திலிருந்து பார்த்தால் முத்து மாலை போலத் தெரியும். "ராணியின் கழுத்து மாலை" என்ற பெயர் அதனால் வந்ததுதான்.

சர்ச்கேட்டில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. ஒரு விஷயம் முக்கியம்: விளக்கு எரிவதற்கு அரை மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். சூரியன் கடலில் இறங்குவதும், அதன் பிறகு விளக்குகள் வரிசையாகக் கண் திறப்பதும் ஒரே உட்காரலில் கிடைக்கும் காட்சி. எதிர் வரிசையில் நிற்கும் வளைந்த மாடி வீடுகளையும் காட்டுங்கள். கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் 1930-களிலும் 40-களிலும் எழுந்தவை அவை. 2018-ல் அவற்றுக்கும் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது.

மழைக்காலத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் ஏற்ற நாட்களில் அலை சுவரைத் தாண்டிச் சாலையில் விழும். அந்த நேரத்தையும் உயரத்தையும் மாநகராட்சி முன்கூட்டியே அறிவிக்கிறது. சுவருக்கு வெளியே கிடக்கும் நான்கு கால் கான்கிரீட் கட்டைகள் மேல் இறங்கிப் படம் எடுக்கும் ஆசை வேண்டாம். பாசி வழுக்கினால் மேலே ஏற முடியாது.

நடந்தே சௌபாத்தி போய்ச் சேருங்கள். பேல்பூரியும் பாவ்பாஜியும் குல்பியும் அங்கே கிடைக்கும். பாவ்பாஜி பணக்காரர் பலகாரம் அல்ல, மில் தொழிலாளிகள் அவசரத்துக்குச் சாப்பிட வந்த உணவு என்று சொல்வார்கள். மணலில் நிற்கும் திலகர் சிலையைக் காட்டாமல் திரும்பாதீர்கள். 1920-ல் லோகமான்ய திலகரின் உடல் தகனம் செய்யப்பட்டது இந்தக் கடற்கரையில்தான்.

நம்ம ஊர் வாசனை

இரண்டு நாள் வடாபாவும் சப்பாத்தியும் சாப்பிட்டதும் விருந்தாளியின் முகம் வாடத் தொடங்கும். மூன்றாம் நாள் மாலை மாட்டுங்காவுக்கு அழைத்துப் போங்கள்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பூக்கடை. கட்டிய மல்லிகை, வாழை இலை, முருங்கைக்காய், வறுத்து அரைத்த காப்பிப் பொடியின் மணம்! "நாம் இருப்பது மும்பையா, மாம்பலமா?" என்று கேட்காதவர் இல்லை. 1940-களிலிருந்து நடக்கும் இட்லி தோசைக் கடைகள் இன்றும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வாசலில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். வேலை நாள் மாலையில் சென்றால் உடனே இடம் கிடைக்கும்.

ஆஸ்திக சமாஜத்தில் தரிசனம் முடித்துச் சற்று நடந்தால் சண்முகானந்தா அரங்கம். 1952-ல் தொடங்கிய சபை, 1963-ல் இந்த அரங்கத்தைத் திறந்தது. 1990-ல் தீவிபத்தில் கருகியது. மனம் தளராமல் மறுபடி கட்டினார்கள். 2,700 பேருக்கு மேல் உட்காரலாம். கச்சேரி, நாட்டியம் என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். பெரிய கச்சேரியானாலும் மேல்மாடி டிக்கெட் பெரும்பாலும் கைக்கு அடக்கமாக இருக்கும். சில நிகழ்ச்சிகளுக்கு அனுமதி இலவசம். செம்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் பைன் ஆர்ட்ஸ் சொசைட்டியையும், சயான் பக்கம் இருப்பவர்கள் மும்பைத் தமிழ்ச் சங்கத்தையும் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. பட்டிமன்றமோ நாடகமோ இருந்தால் விருந்தாளிக்கு அதைவிட விருந்து வேறு இல்லை.

ஒரு காலத்தில் ரஜினி படம் வந்தால் கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டர் வாசலில் பாலாபிஷேகம் நடக்கும். ஊரை விட்டு வந்த ஏக்கத்தை அந்த இருட்டில் கரைத்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். இப்போது தமிழ்ப் படங்கள் பல தியேட்டர் வளாகங்களுக்குப் பரவிவிட்டன. டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டுக் குடும்பத்தோடு கிளம்புங்கள். வேலை நாட்களில் விலை குறைவாக இருக்கும்.

மராத்தி நாடகம் பார்த்ததுண்டா?

இத்தனை வருடம் மும்பையில் இருந்தும் நம்மவர்களில் பலர் மராத்தி நாடகம் பார்த்ததில்லை. இது பெரிய குறை. தாதர் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் சிவாஜி மந்திர் அரங்கம் இருக்கிறது. சனி, ஞாயிறு மாலைகளில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். இடைவேளையில் உருளைக்கிழங்கு வடையும் டீயும் சாப்பிட்டபடி கதையை விவாதிப்பார்கள். பாஷை முழுவதும் புரிய வேண்டும் என்பதில்லை. மாமியார் மருமகள் சண்டை எந்தப் பாஷையிலும் புரியும்!

ஜுகுவில் பிருத்வி தியேட்டர் இருக்கிறது. சசி கபூரும் அவர் மனைவி ஜெனிபரும் 1978-ல் தொடங்கியது. சுமார் 200 பேர் மட்டும் உட்காரும் சிறிய அரங்கம், நடிகர் மூச்சு விடுவது கூடக் கேட்கும். ஆனால் நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கதவு திறக்காது. நாடகம் முடிந்து பக்கத்திலேயே ஜுகு கடற்கரையில் காற்று வாங்கலாம். நடிகர் வீட்டைக் காட்டச் சொல்லி நச்சரிப்பவர்களுக்கும் அந்தப் பக்கமே ஏற்பாடு ஆகிவிடும்.

விளக்கு மின்னும் இன்னொரு மும்பை

"இதெல்லாம் சரி, அந்த மாதிரி இடம் எதையும் காட்டமாட்டியா?" என்று காதைக் கடிக்கும் விருந்தாளிகளும் உண்டு. மறைத்துப் பேசிப் பயனில்லை. விவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மும்பையில் மது அருந்துவதற்கு 1949-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி பெர்மிட் வேண்டும். பீருக்கு 21 வயது, விஸ்கி, பிராந்தி வகைகளுக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த 22 வயதுத் தம்பியை அழைத்துப் போய் வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நடன பார்களை மாநில அரசு 2005-ல் மூடியது. வழக்கு நடந்தது. 2013-ல் சுப்ரீம் கோர்ட் தடை செல்லாது என்றது. அரசு புதுச் சட்டங்கள் கொண்டுவந்தது. 2019-ல் கோர்ட் சில நிபந்தனைகளைத் தளர்த்தியது. ஆனால் ஆடுகிறவர்கள் மேல் நோட்டை வீசக் கூடாது, இரவு பதினொன்றரை வரைதான் என்ற கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொண்டது. இந்தக் கோர்ட் கதைக்கு நடுவே வேலை இழந்து தெருவுக்கு வந்த பெண்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அந்த விளக்கு வெளிச்சத்தைப் பார்க்கும்போது அதையும் நினைக்க வேண்டும்.

ஸ்டேஷன் வாசலிலோ டாக்சியிலோ யாராவது அருகில் வந்து, "சாப், நல்ல இடம் இருக்கு" என்று கிசுகிசுத்தால் நிற்காமல் நடந்துவிடுங்கள். விலைப் பட்டியல் காட்டாத இடத்தில் தண்ணீர் கூடக் கேட்காதீர்கள்.

லோயர் பரேலில் இப்போது பளபளக்கும் கடைகளும் மது விடுதிகளும் இருக்கும் இடமெல்லாம் முன்பு பஞ்சாலைகள். 1982 ஜனவரி 18-ந்தேதி தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். பெரும்பாலானோர் திரும்ப உள்ளே போகவே இல்லை. மில்கள் ஒவ்வொன்றாக மூடின. பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று அங்காடி வளாகம். சுற்றிப் பார்க்கக் காசு இல்லை, குளுகுளு வசதியும் உண்டு. ஆனால் அங்கே நிற்கும் புகைபோக்கியைக் காட்டி, அது எப்போது புகைந்தது என்று விருந்தாளிக்குச் சொல்லுங்கள்.

அதே பகுதியில் கமலா மில் வளாகத்தில் 2017 டிசம்பர் 29-ந்தேதி, நள்ளிரவு கழிந்த சற்று நேரத்தில், மாடி விடுதியில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். புகையில் வழி தெரியாமல் கழிவறைக்குள் ஒதுங்கியவர்களே அதிகம். ஆகவே எந்த மாடி விடுதிக்குள் நுழைந்தாலும் உட்காருவதற்கு முன் வெளியேறும் வழி எங்கே என்று பார்த்து வையுங்கள். உல்லாசத்துக்குப் போகும்போது இப்படி யோசிப்பது அபசகுனம் அல்ல.

கடைசி வண்டியை மறவாதே!

மும்பையில் இரவு பொழுதுபோக்கின் எல்லை கடிகாரத்தில் இல்லை, லோக்கல் ரயிலில் இருக்கிறது. நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்தில் கடைசி வண்டிகள் போய்விடும். பிறகு விடியற்காலை 4 மணிக்கு மேல்தான். உங்கள் ஸ்டேஷனுக்குக் கடைசி வண்டி எப்போது என்று முன்பே குறித்து வையுங்கள்.

2025-ல் முழுவதும் திறக்கப்பட்ட ஆரே - கப் பரேட் சுரங்க மெட்ரோ விருந்தாளியை அழைத்துப் போக நல்ல வசதி. ஆனால் அது லோக்கலுக்கு முன்பே நின்றுவிடும். ஆட்டோ ரிக்ஷா மாகிம், சயானுக்குத் தெற்கே வராது. அங்கெல்லாம் டாக்சிதான். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை மீட்டருக்கு மேல் கால் பங்கு கூடுதல். பெண்கள் தனியாகத் திரும்ப வேண்டியிருந்தால் இரவில் காவலர் இருக்கும் பெண்கள் பெட்டியில் ஏறட்டும். அவசரத்துக்குப் போலீஸ் 112, ரயிலில் 139. இந்த எண்களை விருந்தாளியின் பையிலும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். கூட்டத்தில் கை விட்டுப்போனால் உதவும்.

மாமாவும் நானும்

இனி என் கதை.

1987-ல் கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். தாராவியில் ஒரே அறையில் ஐந்து பேர். ஆனால் ஊருக்கு எழுதும் கடிதத்தில் எல்லாம் "பெரிய கம்பெனி, காற்றோட்டமான வீடு" என்று அளந்து வைத்திருந்தேன். மாமா வந்தது வெறுமனே ஊர் சுற்ற அல்ல. தன் மகளை எனக்குக் கொடுக்கலாமா என்று பார்த்துப் போக வந்தார். அது எனக்கும் தெரியும்.

அறையை அவர் கண்ணில் காட்டக் கூடாது என்று மாட்டுங்காவில் ஒரு லாட்ஜில் தங்கவைத்தேன். அறை நண்பர்களிடம் 500 ரூபாய் கடன் வாங்கினேன். மாலையில் டாக்சி பிடித்து, கிராண்ட் ரோடு பக்கம் விளக்கு மின்னும் ஒரு பாருக்குள் கூட்டிப் போனேன். "பட்டணத்து மருமகன்" என்று அவர் மெச்ச வேண்டும் என்பது என் எண்ணம்.

மாமா குடிக்க மாட்டார். எலுமிச்சம்பழச் சாறு கேட்டார். நானும் அதையே குடித்தேன். சத்தத்தில் காது அடைத்தது. அரை மணி நேரத்தில் எழுந்தோம். பில் வந்தது, 700 ரூபாய்! உட்கார்ந்ததற்கு, பாட்டுக்கு, மேஜைக்கு என்று தனித்தனியாகக் கணக்கு. என் கை நடுங்கியது. கதவருகே இரண்டு தடியர்கள் வந்து நின்றார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். மாமா என் கையைப் பிடித்தார். வேட்டி மடிப்பை அவிழ்த்து, மீதி இருநூறை எண்ணி வைத்தார். மகளுக்குச் சேலை எடுக்க அத்தை கொடுத்தனுப்பிய பணம் அது.

வெளியே வந்தபோது கையில் டாக்சிக்குக் காசில்லை. சாலையைக் கேட்டுக் கேட்டு ஸ்டேஷன் சேர்வதற்குள் கடைசி வண்டியும் போய்விட்டது. நடந்து நடந்து சௌபாத்தி வந்தோம். அதைத் தாண்டிக் கடல் சுவரில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் அவர் வாய் திறக்கவில்லை. எதிரே விளக்கு வரிசை.

"மருமவனே, உனக்குச் சம்பளம் என்ன?"

சொன்னேன். 900 ரூபாய்.

"எங்க தங்கியிருக்க?"

அதையும் சொன்னேன். ஐந்து பேர், ஒரே அறை, தெருக் குழாய்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா எலுமிச்சம்பழம் எழுநூறு ரூவாய்க்கு வித்திருக்காதே" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் சிரித்தார்.

விடியற்காலை முதல் வண்டியில் ஏறி மாகிமில் இறங்கினோம். லாட்ஜுக்குப் போக மறுத்துவிட்டார். "ஒன் வீட்டுக்குப் போவோம்" என்றார். போனபோது குழாயடியில் வரிசை நின்றது. என் நண்பர் ஒருவர் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு மாமாவும் வரிசையில் நின்றுவிட்டார். அதன் பிறகு இரண்டு இரவு எங்களோடு தரையில்தான் படுத்தார். மாலையில் மாட்டுங்கா காப்பி, மெரைன் டிரைவ் காற்று. மொத்தச் செலவு 20 ரூபாயைத் தாண்டவில்லை.

ஆகவே நண்பர்களே, விருந்தாளி வந்தால் முதல் மாலை அவரை உங்கள் அறைக்கே அழைத்துப் போங்கள். சம்பளத்தையும் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு கடற்கரையோ கச்சேரியோ, எங்கே போனாலும் இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருக்கும்.

அடுத்த தை மாதம் எங்கள் கல்யாணம் நடந்தது. மும்பைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காப்பி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அவள் கேட்டாள்:

"அப்பா சொன்ன அந்தக் கடல் சுவரு எங்க இருக்கு? இன்னைக்குச் சாயங்காலம் போவோமா?"